கீரி புகாத தரை

எங்கள் பக்கத்தில் பள்ளம் என்று ஒன்று கண்ணில் பட்டால் உடைந்த பீங்கானைக் கொண்டுவந்து கொட்டுவோம். வாசலில் மழைத்தண்ணீர் தேங்கினாலும் பீங்கான், கொல்லைக்குப் போகும் வழி சேறானாலும் பீங்கான். சுவருக்குச் செங்கல் பற்றவில்லை என்றால் சேகர். சேகர் என்பது கப்பு சாசரையெல்லாம் உள்ளே அடுக்கிச் சூளைக்குள் ஏற்றுகிற கனமான தீமண் பெட்டி. பல தடவை வெந்ததும் விரிசல் விட்டுவிடும். கம்பெனிக்காரர்கள் வெளியே போட்டுவிடுவார்கள். விருத்தாசலத்தில் செராமிக் கம்பெனிகளை ஒட்டிக் குடியிருந்த எங்களுக்கு இதெல்லாம் கேட்க ஆளில்லாத சாமான். அது குப்பை என்றே எங்களுக்குத் தோன்றியதில்லை.

நானும் ஒரு சின்னக் கம்பெனியில்தான் வேலை பார்த்தேன். கிளேஸ் செக்‌ஷன். ஒரு தடவை வெந்து வருகிற பொம்மை, விளக்கு, சாம்பல் கிண்ணம் எல்லாவற்றையும் வண்ணக் குழம்பில் முக்கி எடுத்து அடுக்க வேண்டும். மறுபடி சூளைக்குப் போய் வந்தால் பளபளவென்று இருக்கும். ஒரு நாள் முழங்கை வரை மஞ்சள், ஒரு நாள் நீலம். என் வீட்டுக்காரர் வேறொரு கம்பெனியில் சூளை பார்த்தார், பெரும்பாலும் நைட் ஷிப்டு. இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் ஆகியிருந்த சமயம். எங்கள் ஒரே மகளுக்கு நாலு வயது.

அவள் ஒல்லிக்குச்சி. பால்வாடியில் எடை பார்க்கும்போதெல்லாம் டீச்சர் உதட்டைப் பிதுக்குவார். "தெனம் ஒரு முட்டை குடுங்க. நாட்டுக்கோழி முட்டையா இருந்தா நல்லது" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் கோழி வளர்க்க ஆரம்பித்தேன். சேத்தியாத்தோப்புச் சந்தையில் ஆறு பெட்டையும் ஒரு சேவலும் வாங்கி, காலைக் கட்டிக் கூடையில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தேன். கண்டக்டர் கோழிக்கும் டிக்கெட் எடு என்றார். எடுக்க முடியாது என்று அவரிடம் பவழங்குடி வரை சண்டை பிடித்தேன். என் குணம் அப்படி.

கோழிகளை அவிழ்த்து விட்டால் போதும், நேரே கிழக்குப் பக்கத்து வீட்டுக் கொல்லைக்குத்தான் போகும். அங்கே ஒரு அக்கா இருந்தார். தனி ஆள். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். அக்கா கொல்லையில் பாத்தி கட்டிக் கீரை போட்டு, காலையில் கூடையில் எடுத்துப்போய் விற்று வருவார். மதியம் என் மகளைப் பால்வாடியில் இருந்து கூட்டிவந்து, நான் வேலை முடிந்து வரும்வரை வைத்துக்கொள்வதும் அவர்தான். என் கோழிகள் அவர் பாத்தியைக் கிளறி, முளைத்த சிறுகீரையைத் தலைகீழாக்கிவிட்டு வரும்.

"இன்னொரு தடவை பாத்தியில கால வெச்சா கொழம்பு வெச்சிடுவேன், பாத்துக்க" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். அப்போது நானும் சிரித்தேன்.

பிறகு கீரி வந்தது. ஒரே வாரத்தில் ஒரு பெட்டையும், இன்னொன்றின் குஞ்சுகள் அத்தனையும் போயின. தின்றிருந்தாலாவது மனசு ஆறும். கழுத்தைக் கடித்துப் போட்டுவிட்டுப் போயிருந்தது. பட்டப்பகலில், நான் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருக்கும்போதே ஒரு குஞ்சை இழுத்துப்போனது. எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கே முடிவு செய்தேன். கோழி வெயிலில் மேயவும் வேண்டும், எதுவும் அதைத் தொடவும் கூடாது. அப்படி ஓர் இடம் கட்டுகிறேன் பார் என்று வீட்டுக்காரரிடம் சவால் விட்டேன்.

நாலு பக்கமும் சேகரை இடுப்பளவு அடுக்கிச் சேறு பூசினேன். அதற்கு மேல் மூங்கில் நட்டு, கம்பி வலை. பருந்துக்காகத் தலைக்கு மேலே கடலூரில் இருந்து வரவழைத்த பழைய மீன்வலை. மிச்சம் இருந்தது தரைதான். கீரி சுவருக்கு அடியில் தோண்டி வரும்.

"சுவத்து ஓரமா வெளிப்பக்கம் ஒரு முழம் கம்பி வலைய மண்ணுக்குள்ள பொதைச்சிட்டா போதும்" என்றார் வீட்டுக்காரர்.

"வலை எதுக்குங்க? நம்மூர்ல பீங்கானுக்கா பஞ்சம்?" என்றேன்.

உள்ளே ஒரு அடி ஆழம் தோண்டி மண்ணை அள்ளி வெளியே போட்டோம். உடைசல் பீங்கானைக் கொட்டித் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கினோம். நடுவே சந்து இருக்கிறதே, அதை அடைக்க என்ன செய்யலாம் என்று யோசித்தபோது என் மூளை அபாரமாக வேலை செய்தது. எங்கள் செக்‌ஷனில் கிளேஸ் தொட்டியின் அடியில் வண்டல் படியும். காய்ந்ததும் சுரண்டி மூட்டை கட்டிப் பின்பக்கம் போட்டு வைப்பார்கள். சூப்பர்வைசரிடம் ஒரு வார்த்தை கேட்டு, எட்டு மூட்டை சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தேன். மஞ்சள், நீலம், சிவப்பு, பச்சை. மேலே பரப்பித் தண்ணீர் தெளித்து மட்டம் தட்டினோம். காய்ந்ததும் சிமென்ட்டுத் தரைபோல இறுகிவிட்டது. கடப்பாறையால் குத்திப் பார்த்தேன், சில்லுதான் தெறித்தது.

கோட்டை என்று நான்தான் அதற்குப் பெயர் வைத்தேன். தெருவில் வந்து பார்க்காத ஆள் இல்லை. அக்காவும் கீரைக் கூடையோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"தரையெல்லாம் மினுமினுன்னு இருக்குது. கோழிக்கு மண்ணு வேணாமா?" என்று கேட்டார்.

"மண்ணு இருந்தாத்தான அக்கா கீரி தோண்டும்?" என்று மடக்கினேன். அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மடக்கிவிட்டோம் என்று எனக்கு அன்று முழுக்கச் சந்தோஷம்.

கீரி வரவே இல்லை. தினம் இரண்டு முட்டை, மூன்று முட்டை. ஒன்றை அவித்து மகளுக்குக் கொடுப்பேன். மஞ்சள் கருவை விரலால் தோண்டித் தின்பாள். இரண்டு மாதம் இப்படிப் போனது. பிறகு ஒரு பெட்டை இறக்கையைத் தொங்கப்போட்டு நின்றது. பச்சையாகக் கழிந்தது. கழுத்து துவண்டு, கால் இழுத்து, மூன்றாம் நாள் செத்துப்போனது. வெள்ளைக்கழிச்சல் என்று நினைக்க முடியாது, ஊசி போட்டிருந்தேன். மஞ்சளும் சின்ன வெங்காயமும் அரைத்து மற்றவற்றுக்கு உருட்டிக் கொடுத்தேன். அடுத்த வாரம் இன்னொன்று, அதே மாதிரி. அதற்கடுத்து சேவல்.

கீரி இல்லை, நாய் இல்லை, பருந்து இல்லை, நோயும் இல்லை என்றால் மிச்சம் இருப்பது மனுஷர்கள்தான் என்று கணக்குப் போட்டேன். சேவல் செத்த அன்று வேலையில் இருந்து சீக்கிரம் வந்துவிட்டேன். கிழக்குச் சுவரில் சேகருக்கும் சேகருக்கும் நடுவே ஒரு சந்து உண்டு. அந்தச் சந்து வழியாக ஒரு கை உள்ளே வந்து சோற்றுப் பருக்கையை இறைத்தது. கண்ணாடி வளையல் போட்ட கை. அக்காவின் கை.

குழம்பு வைத்துவிடுவேன் என்று சொன்னது காதில் கேட்டது. சோற்றில் எலி மருந்து கலந்து போட எவ்வளவு நேரம் ஆகும்? நான் அவரிடம் ஒன்றுமே கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். வாய்ச்சண்டைக்கு அஞ்சாத நான், அன்றைக்குப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். மறுநாளில் இருந்து மகளை அவரிடம் விடுவதை நிறுத்தினேன். கோழிக்கு மருந்து வைத்த கை பிள்ளைக்கு வைக்காதா என்று எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டேன்.

மதியம் பிள்ளையை எங்கே விடுவது? நைட் ஷிப்டு முடித்த வீட்டுக்காரர் வீட்டில் தூங்குவார். பால்வாடியில் இருந்து அவர் கூட்டிவந்துவிடுவார், ஆனால் கண் விழித்துப் பார்த்துக்கொள்ள முடியாது. தெருவில் லாரி வரும். யோசித்து யோசித்து நான் கண்டுபிடித்த பத்திரமான இடம் எது தெரியுமா? கோட்டைதான். நாலு பக்கமும் சுவர், மேலே வலை, பாதிக்கு மேல் நிழல், வெளியே தாழ்ப்பாள். ஒரு பாயும் தண்ணீர் செம்பும் வைத்து, மிச்சம் இருந்த மூன்று கோழிகளோடு மகளையும் உள்ளே விட்டேன். கோழிகளோடு அவளுக்கு ஏக குஷி.

நாலு நாள் கழித்து அக்கா வேலி ஓரமாக வந்து, "புள்ள எதையோ பொறுக்கிப் பொறுக்கி வாயில போட்டுக்குது. சந்து வழியா பாத்தேன். துப்புன்னு சொன்னேன். நீயும் கண்டிச்சு வை" என்றார்.

"எம் புள்ளைய நான் பாத்துக்கறேங்க்கா" என்றேன். முகத்தில் அடித்த மாதிரிதான் சொன்னேன்.

அந்த வெள்ளிக்கிழமை மணவாளநல்லூருக்குப் போய் பிராது கட்டுவது என்று முடிவு செய்தேன். எங்கள் பக்கத்தில் திருட்டுப் போனாலும், ஏமாற்றப்பட்டாலும் போலீஸுக்குப் போவதற்கு முன்னால் அங்கே உள்ள முருகன் கோயிலுக்குப் போவோம். போலீஸ் ஸ்டேஷனில் கொடுப்பது மாதிரியே பேர், ஊர், நடந்த விவரம் எல்லாம் காகிதத்தில் எழுதி, சாமி காலடியில் வைத்து வாங்கி, முனியப்பர் சந்நிதி வேலில் நூலால் கட்ட வேண்டும். தப்பு செய்தவன் வீட்டில் அது பலிக்கும் என்பது எங்கள் நம்பிக்கை. பலித்து, செய்தவன் வந்து ஒப்புக்கொண்டால், நாமே திரும்பப் போய் ராஜினாமா எழுதிக் கொடுத்துப் பிராதை முடித்துக்கொள்ள வேண்டும்.

நான் கோயிலுக்குப் போவதை வீட்டுக்காரர் வாய் தவறி அக்காவிடம் சொல்லிவிட்டார் போல. வெள்ளிக்கிழமை காலையில் தலை குளித்துவிட்டு அவரும் வந்து நின்றார்.

"நானும் வரேன். கூட்டத்துல புள்ளைய யாரு புடிச்சிக்குவா?"

வேண்டாம் என்று சொல்ல வாய் எடுத்தேன். வரட்டுமே, முனியப்பர் முன்னால் நிற்கட்டும், உடம்பு நடுங்குகிறதா பார்ப்போம் என்று கெட்ட எண்ணம் வந்தது. அதனால் வாங்க என்றேன். பஸ்ஸில் என் மகள் அவர் மடியில் உட்கார்ந்து வந்தாள். பத்து நாள் விட்டுப் பிரிந்திருந்தவள், அவர் கழுத்தை விடவே இல்லை.

வீட்டிலேயே எழுதி எடுத்துப்போயிருந்தேன். என் எழுத்து அழகாக இருக்கும். பத்தாவது வரை படித்தவள். 'என் கோழிகளுக்கு விஷம் வைத்தவர் யாரோ, அவர் வீட்டிலும் ஓர் உயிர் இப்படியே துவண்டு துடிக்க வேண்டும். கிழக்கு வீட்டில் இருப்பவர் மேல் எனக்குச் சந்தேகம்.' நூல் வாங்கப் போனபோது காகிதத்தை அக்கா கையிலேயே கொடுத்துவிட்டுப் போனேன். அவருக்குப் படிக்கத் தெரியாது என்பது என் எண்ணம். யாரும் சொன்னதில்லை. கீரை விற்பவருக்கு என்ன படிப்பு என்று நானாக முடிவு கட்டியது. திரும்பி வந்தபோது கண்ணை மூடி வேண்டிக்கொண்டிருந்தார். நடுக்கமெல்லாம் இல்லை. நெஞ்சழுத்தக்காரி என்று நினைத்துக்கொண்டு இறுக்கி மூன்று முடிச்சுப் போட்டேன்.

அடுத்த சில வாரங்களில் மகள் சோற்றைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பினாள். வயிறு வலிக்குது என்பாள். நாலு நாளைக்கு ஒரு தடவைதான் வெளிக்குப் போனாள். முகம் வெளுத்துப்போனது. பூச்சி மருந்து கொடுத்தேன். முட்டையை இரண்டாக்கினேன். ஆமாம், இரண்டு.

நாலாவது கோழி செத்தபோது வீட்டுக்காரர் அதைப் பையில் போட்டு, "வா, அறுத்துப் பாக்கச் சொல்லலாம். என்ன விஷம்னாவது தெரியட்டும்" என்று கால்நடை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். எனக்கும் அது சரியாகப் பட்டது. அக்கா மேல் ஓர் ஆதாரம் கிடைக்கும் அல்லவா?

டாக்டர் என் வயது இருக்கும் பெண்மணி. கோழியை அறுத்து, இரையை அரைக்கிற பையைத் தனியே எடுத்து நடுவில் கீறி, தண்ணீரில் அலசித் தட்டில் கவிழ்த்தார். கலகலவென்று விழுந்தன. மஞ்சள், நீலம், சிவப்பு. ஓரமெல்லாம் தேய்ந்து வழுவழுவென்று பாசிமணி மாதிரி இருந்தன.

"இது என்னம்மா மணி? எங்க மேயுது கோழி?" என்று டாக்டர் கேட்டார்.

அந்த மஞ்சள் எனக்குத் தெரியும். என் கையால் கலக்கின மஞ்சள்.

"வெளியவே விடறதில்லைங்க. சுத்தி அடைச்சு பத்திரமா வெச்சிருக்கோம்" என்று வீட்டுக்காரர்தான் சொன்னார். தரையை எப்படிப் போட்டோம் என்பதையும் அவரே பெருமையாக விளக்கினார்.

டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். "கோழிக்குப் பல்லு கெடையாதும்மா. பொடிக்கல்ல முழுங்கி வயித்துல வெச்சித்தான் தீனிய அரைக்கும். வெளிய மேஞ்சா மண்ணுல தானா பொறுக்கிக்கும். நீங்க மண்ணையே எடுத்துட்டீங்க. அதுக்குக் கெடைச்சது இதுதான். இந்த மாதிரி வண்ணத்துல ஈயம் இருக்கும். அரைக்க அரைக்க ரத்தத்துல கலந்துடும்" என்றார். பிறகு, "முட்டைய யாரு சாப்பிட்டீங்க? கொழந்தைங்க யாராவது அந்த எடத்துல வெளையாடுதா?" என்று கேட்டார்.

தட்டில் கிடந்த மணிகளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். என் காகிதத்து வரி ஒவ்வொரு சொல்லாகக் கண்முன்னே வந்தது. விஷம் வைத்தவர் வீட்டிலும் ஓர் உயிர் இப்படியே துவண்டு துடிக்க வேண்டும். மூன்று முடிச்சு. எழுதினதும் நான், கட்டினதும் நான். விஷம் வைத்ததும் நான். என் வீட்டில் துவண்டுகொண்டிருந்த உயிர் ஒன்றே ஒன்றுதான், என் மகள்.

மறுநாள் விடிந்ததும் பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ரத்தம் எடுத்தார்கள். இருக்கக் கூடாத அளவுக்கு ஈயம் இருந்தது. அந்த இடத்தில் இருந்து பிள்ளையை உடனே விலக்கச் சொன்னார்கள். மருந்தும் பாலும் இரும்புச் சத்தும் கொடுக்கச் சொன்னார்கள். நான் வண்ணத்தூசி ஒட்டிய வேலைப் புடவையோடு அவளைத் தூக்கக் கூடாது என்றும் சொன்னார்கள். ஒரு வருடத்துக்கு மேல் மாதா மாதம் போய் வந்தோம், மெல்லத்தான் இறங்கியது. இன்று அவள் நன்றாக இருக்கிறாள். ஆனால் ரத்தப் பரிசோதனை முடிவு வந்த அன்று, இனி எப்படி ஆகும் என்று எந்த டாக்டரும் எனக்குச் சொல்லவில்லை.

அந்த முடிவோடு பாண்டியில் இருந்து வந்து இறங்கியதும், நேரே கிழக்கு வீட்டுக்குப் போனேன். அக்கா கீரைக்கட்டு போட்டுக்கொண்டிருந்தார். கோழி வயிற்றில் இருந்ததைச் சொன்னேன். பிள்ளை ரத்தத்தில் இருப்பதைச் சொன்னேன். பிறகு அடுத்ததையும் சொன்னேன்.

"அக்கா, நான் உங்க பேர்லதான் பிராது கட்டுனேன்."

"தெரியும்" என்றார்.

எப்படி என்று நான் கேட்பதற்குள் அவரே சொன்னார்.

"கையில குடுத்துட்டுப் போனியே. எழுத்துக்கூட்டிப் படிச்சிருவேன். அந்தக் காலத்துல அறிவொளி கிளாஸுக்குப் போயிருக்கேன். உன் எழுத்து வேற முத்து முத்தா இருந்துச்சு."

"அப்பறம் ஏங்க்கா ஒண்ணும் கேக்கல?"

வாழைநாரை முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். "நான் செய்யல. என் வூட்டுக்கு ஒண்ணும் வராதுன்னு எனக்குத் தெரியும். ஆனா கோழிங்க செத்தது உன் வேலிக்குள்ள. வெளிய இருந்து ஒரு ஈ உள்ள போவ முடியாதபடி நீதான கட்டி வெச்சிருந்த. அப்ப இது யாரு வூட்டுக்குத் திரும்பும்? எனக்குப் பயமா போச்சு. இந்தப் பிராத எடுத்துக்காதப்பா, இவ தெரியாம எழுதிட்டான்னு அங்கயே வேண்டிக்கிட்டேன். தெனமும் மதியானம் அந்தச் சந்துகிட்ட வந்து நின்னு புள்ளைய துப்பு துப்புன்னு சொல்லிக்கிட்டிருந்தேன். கோழிங்களுக்கும் பாவம் மண்ணு இல்லையேன்னு சோத்துல கொஞ்சம் ஆத்துமணல கலந்து போடுவேன்."

எனக்கு வந்த அழுகையை என்னால் நிறுத்த முடியவில்லை. எலி மருந்து என்று நான் நினைத்த சோற்றில் இருந்தது மணிமுத்தாற்று மணல். மிச்சம் இரண்டு கோழியாவது உயிரோடு நின்றது அதனால்தான் இருக்கும்.

அந்த வாரமே வீட்டுக்காரர் கோட்டையை இடித்தார். தரையைச் சில்லுச் சில்லாகப் பெயர்த்து, கம்பெனிக்கே வண்டியில் ஏற்றித் திருப்பி அனுப்பினோம். அடியில் இருந்த மண்ணையும் வழித்து எடுத்தோம். அக்கா தன் கொல்லையில் இடம் விட்டார். அங்கே ஆற்றுமணல் கொட்டி, கம்பி வலையைச் சுவர் ஓரமாக மண்ணுக்குள் மடித்துப் புதைத்து, முதலிலேயே வீட்டுக்காரர் சொன்ன மாதிரி கட்டினோம். கீரி அங்கேயும் புகவில்லை. நானும் வேலையை விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மூன்று பேரும் திரும்ப மணவாளநல்லூருக்குப் போனோம். பிராதை வாபஸ் வாங்கும் காகிதத்தில் காரணம் எழுத வேண்டும் என்றார் அங்கே இருந்தவர். தரையில் உட்கார்ந்து, முழங்காலில் காகிதத்தை வைத்து, 'விஷம் வைத்தவர் யார் என்று தெரிந்துவிட்டது. மனு எழுதியவள்தான் வைத்தாள். தயவுசெய்து தள்ளுபடி செய்யவும்' என்று எழுதினேன். இந்தத் தடவை நானாகவே அதை அக்காவிடம் நீட்டினேன். மகளை ஒரு இடுப்பில் இடுக்கிக்கொண்டு, காகிதத்தைத் தூரப் பிடித்து, உதடு அசைய ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தார். வெகுநேரம் ஆனது.

"எழுத்து போன தடவை மாதிரி இல்ல. கோணக்கோணலா இருக்குது" என்றார்.